ஒரு தடவைக்கு ஒரு கப்

காபி போடத் தெரியாதவர்களுக்குக் காபி போடக் கற்றுக்கொடுப்பது சுலபம். நாற்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

வேலையின் பெயர் ‘ஹோம் டெமோ எக்ஸிக்யூட்டிவ்’. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். யாராவது எங்கள் கம்பெனியின் காபி மெஷினை வாங்கினால், இரண்டொரு நாளில் நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவேன். பெட்டியைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, காப்ஸ்யூல் என்கிற சின்னக் கிண்ணத்தை உள்ளே போட்டு, பட்டனை அமுக்கிக் காபியை இறக்குவேன். கூடவே வருகிற நுரைப்பானில் பாலை நுரைக்க வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கப்புச்சினோ போட்டுக் காட்டுவேன். பிறகு அவர்களைப் போடச் சொல்லி, குடித்துப் பார்த்து, ‘ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்பேன். எப்படி இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது டிரெய்னிங்கில் முதல் பாடம்.

வாட்டர் ஃபில்டர் மாட்டுகிறவர்கள், கேஸ் அடுப்பு பார்க்கிறவர்கள், இன்டர்நெட் ஒயர் இழுக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இப்போதே முழங்கால் வலித்திருக்கும். நாம் போகிற நாளில்தான் லிஃப்ட் ஓடாது. நாம் பெல் அடிக்கிற நேரத்தில்தான் வீட்டுக்காரர் குளிக்கப் போயிருப்பார். எல்லாம் முடிந்து கீழே இறங்கியதும், நமக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு அவர் போனுக்கு மெசேஜ் போயிருக்கும்.

அந்த நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சேர்ந்த முதல் ஆறு மாசம் பரீட்சைக் காலம். அதற்குள் மூன்று தடவை, மூன்று நட்சத்திரமோ அதற்குக் கீழேயோ வந்தால் ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பெயர் ஜெசிந்தா. அப்பா திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தவர். என் வீட்டுக்காரர் செல்வின் தோல்பை தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நான் சேர்ந்த மாசம் அந்தப் பட்டறை மூடிக் கிடந்தது. ஆகவே அந்த நட்சத்திரங்களை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மூடி

தனியாகப் போன முதல் வீடு மாஹிமில். பாக்கியம் டீச்சர் என்று, ஸ்கூலில் கணக்கு எடுத்து ரிடையரானவர். நாசரேத் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. அப்பா ஊர்ப் பக்கம்தானே என்று எனக்குத் தெம்பு வந்தது. மேஜையில் வெள்ளை லேஸ் விரிப்பு, அதன் மேல் மெஷின், எதிரே பரீட்சைக்கு வந்த பெண்ணைப் பார்ப்பதுபோல டீச்சர்.

நுரைப்பான் என்பது ஒரு சின்ன எவர்சில்வர் ஜக். உள்ளே சுற்றுகிற கம்பிச்சுருள், உட்சுவரில் இரண்டு கோடு. மேல் கோட்டைத் தாண்டிப் பால் ஊற்றக் கூடாது, மூடி போடாமல் ஆன் பண்ணக் கூடாது. இந்த இரண்டையும் டீச்சருக்கு வாயால் சொல்லிக்கொண்டே, இரண்டையும் கையால் செய்தேன். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பால் எழும்பி நாலு பக்கமும் வீசியது. விரிப்பில், சுவர்க் காலண்டரில், டீச்சரின் மூக்குக் கண்ணாடியில், என் புது யூனிஃபார்மில். நான் சுவிட்சைத் தேடுவதற்குள் அது தானாகவே வேலையை முடித்துவிட்டு நின்றது.

துடைக்க ஒரு மணி நேரமானது. டீச்சரும் கூடவே துடைத்தார். அன்றைக்குச் சாயந்திரம் இரண்டு நட்சத்திரம் வந்தது; நியாயம்தான். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை அவர். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, இவ்வளவுதான் சொன்னார்:

“பாலைப் பொங்க விடுறதுக்கு எனக்கு மெஷின் எதுக்கும்மா, அத நானே நல்லா செய்வேனே.”

வீடியோ கால்

மாட்டுங்காவில் விசாலம் மாமி. பாலக்காட்டுக் குடும்பம். ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். கனடாவில் இருக்கிற பையன் அங்கிருந்தே ஆர்டர் போட்டு, அம்மாவின் பிறந்தநாளுக்கு மெஷினை இறக்கியிருந்தான். மாமி காப்ஸ்யூலைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

“இதுக்குள்ளயா டிகாக்‌ஷன் இருக்கு?”

“பொடி இருக்கு மாமி. சுடுதண்ணி உள்ளே போய் டிகாக்‌ஷனா வரும்.”

“மூச்சு முட்டாதோ அதுக்கு?”

போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்கு இன்னொரு வாயும் குடித்துவிட்டு, டம்ளரை மேடை மேல் வைத்தார். ஆனால் நுரைப்பானைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதைத் தனியா ஓட்டலாமோ?” என்றார். ஓட்டலாம் என்றேன். காலையில் இறக்கி வைத்திருந்த டிகாக்‌ஷனை டம்ளரில் ஊற்றி, நுரைத்த பாலை அதன் மேல் சாய்த்தார். நுரை விளிம்புக்கு மேலே கோபுரம் மாதிரி நின்றது. மாமி அதைக் குடித்த வேகத்தைப் பார்த்திருந்தால் கம்பெனி விளம்பரமே எடுத்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பையன் வீடியோவில் வந்தான். மாமி நுரை மீசையோடு டம்ளரைத் தூக்கிக் காட்டினார். “எப்படிம்மா இருக்கு? உன் ஃபில்டர் காபியை விட நன்னா இருக்கோல்லியோ?” என்றான். “ரொம்ப நன்னா இருக்குடா கண்ணா, தினம் இதான் குடிக்கப் போறேன்” என்றார் மாமி, முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல். நான் மெஷினைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். போனை வைத்துவிட்டு மாமி என்னைப் பார்த்தார்:

“அவனுக்குச் சந்தோஷம், நேக்குக் காப்பி, இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு.”

ஐந்துக்கு மூன்று

அணுசக்தி நகருக்குள் போக முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும். சுந்தரம் சார் பெயர் மட்டுமல்ல, மெஷினின் நீளம் அகலம் உயரம் எல்லாம் எழுதி, செக்யூரிட்டி கேட்டில் கொடுத்து வைத்திருந்தார். இன்ஜினியர். கதவைத் திறக்கும்போதே சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எட்டிப் பார்த்தது.

சமையல் மேடையில் தெர்மாமீட்டர், நோட்டு, பென்சில். நான்கு கப் போடச் சொன்னார். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போது எடுத்த பாலில் ஒன்று, ஐந்து நிமிஷம் வெளியே வைத்ததில் ஒன்று, பத்து நிமிஷத்தில் ஒன்று, கால் மணியில் ஒன்று. ஒவ்வொரு கப்பிலும் ஸ்கேலை இறக்கி நுரையின் உயரத்தைப் பார்த்து எழுதினார். கோடு போட்டுப் புள்ளி வைத்து வரைபடமும் வரைந்தார். இரண்டு மணி நேரம். நான் அவ்வளவு சந்தோஷமாக எந்த வீட்டிலும் இருந்ததில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரியாதபோது, “குட், தெரியலைன்னு சொல்றே” என்று அதையும் குறித்துக்கொண்டார்.

வாசல் வரை வந்து, போனில் என் கண் முன்னாலேயே மூன்று நட்சத்திரம் போட்டார். “சார், ஏதாவது தப்பா செஞ்சுட்டேனா?” என்றேன். கேட்கக் கூடாதுதான், வாய் வந்துவிட்டது.

“ஒண்ணுமே தப்பில்லையே. அஞ்சுன்னா பெர்ஃபெக்ட். பெர்ஃபெக்ட்னு ஒண்ணு கிடையாது. நாலு, அதுக்குப் பக்கத்துல. மூணுங்கறது நல்ல மார்க்கும்மா. என் கீழே வேலை பார்த்தவா யாருக்கும் நான் நாலு போட்டதில்லை.”

சந்தோஷமாகச் சொன்னார். அந்த மூன்று என் கணக்கில் இரண்டாவது கரும்புள்ளி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது:

“நேக்கு இருபத்தாறு வருஷமா ரெண்டரைதான், நீ பாஸாயிட்டே, போ.”

எட்டுப் பேர்

ஒரு தடவைக்கு ஒரு கப் என்பதுதான் இந்த மெஷினின் குணம். தனியாக இருக்கிற ஒருவர், தனக்கு ஒரு கப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிற்பதற்காகச் செய்தது. நம் வீடுகளில் யார் தனியாக நிற்கிறார்கள்? நான்கு பேருக்கு என்றால் நான்காவது கப் வருவதற்குள் முதல் கப் ஆறிவிடும். இதை நான் எல்லாரிடமும் முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

கோபர்கைரனேயில் அன்றைக்கு அதைக் கேட்க ஆள் இல்லை. நான் உள்ளே நுழையும்போதே ஹால் நிறைய ஆட்கள், பட்டுப்புடவை, தட்டில் மல்லிகைப்பூ. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். டெமோவுக்கு அந்தத் தேதியையும் நேரத்தையும் கொடுத்தது கல்யாணப் பெண்ணேதான். பெயர் நிவேதா, ஐ.டி. கம்பெனியில் வேலை, மெஷினும் அவள் வாங்கியது. அவள் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, “எட்டு கப். நீ போட்டுடு, இவ கொண்டுபோய்க் கொடுக்கட்டும்” என்றார்.

எட்டு கப்புக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. ஒரு தடவை நுரைப்பான் சூடாகி, ஆறும் வரை ஓட மாட்டேன் என்றது. முதல் ஆள் குடித்து வைத்த கப்பைக் கழுவி, அதிலேயே ஆறாவது போட்டோம். மாப்பிள்ளைக்கு ஏழாவது. ஹாலில் பேச்சு தீர்ந்து, டி.வி.யைப் போட்டுவிட்டார்கள். நான் வியர்த்துப்போய், “மன்னிச்சுக்கோம்மா, நான் வேகமாத்தான் செய்றேன்” என்றேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. இரண்டு மாசம் கழித்துக் காப்ஸ்யூல் ஆர்டர் பண்ண போன் செய்தபோது நிவேதாவே சொன்னாள். குரலில் வருத்தம் இல்லை. எனக்கும் ஆச்சரியம் இல்லை. ஏனென்றால் அன்றைக்கு, நான்காவது கப்புக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஹாலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவள் சொல்லியிருந்தாள்:

“அக்கா, இன்னும் மெதுவா போடுங்க, கப் தீர்ற வரைக்கும் அங்க போய் உக்கார வேண்டாம்ல.”

எங்கள் சந்தில்

இரண்டு கரும்புள்ளி விழுந்த பிறகு, கை பழகட்டும் என்று ஒரு டெமோ மெஷினை ஆபீசில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். எங்கள் வீடு மாடியில் ஒரே அறை. கீழே பை தைக்கிறவர்களின் மெஷின்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து அதை அலமாரிக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே வைத்தேன். வைத்த பத்தாவது நிமிஷம் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. இரும்பு ஏணியில் ஆள் மேல் ஆள் நின்றார்கள்.

சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனது. எங்கள் வீடு மட்டுமல்ல, கீழேயும் பக்கத்திலும் சேர்த்து. ‘யார்லே அது’ என்று நாலு திசையிலும் சத்தம். பட்டறை மூடியதிலிருந்து பேச்சே குறைந்துபோயிருந்த செல்வின் எழுந்து போய்க் கம்பியை மாற்றினார். கீழே உள்ளவர்களிடம் பேசி, அவர்கள் சாப்பிடுகிற அரைமணி நேரம் தையல் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். ஏணியில் நின்றவர்களை வரிசையில் விட்டார். வாரக்கணக்கில் பாயிலேயே கிடந்த மனுஷன் அன்றைக்குச் சட்டையை மடித்துவிட்டு நின்று, ‘அடுத்த ஆளு, அடுத்த ஆளு’ என்றார். எனக்கு அதைப் பார்த்தாலே போதும்போல இருந்தது.

ஆளுக்கு இரண்டு வாய் வருகிற மாதிரி எவர்சில்வர் டம்ளரில் பிரித்துக் கொடுத்தோம். எதிர்வீட்டு எஸ்தர் சித்தி மாஹிமில் இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு வந்தவர். ஞாயிறும் லீவு கிடையாது. டம்ளரைச் சாய்த்து நுரையை ஊதித் தள்ளிவிட்டு அடியில் பார்த்தார். பிறகு மெஷினை ஏற இறங்கப் பார்த்தார்:

“ஏட்டி, தெருவுக்கே கரண்ட நிப்பாட்டிட்டு இம்புட்டுக்காண்டு காப்பியா?”

நுரை நிற்கவில்லை

ஐந்தாவது மாசம் முடிகிற சமயம், செம்பூரிலிருந்து ஒற்றை நட்சத்திரம் வந்தது. கீழே எழுதியிருந்தது: ‘நுரை நிற்கவில்லை. நான்கு நாள் செய்து பார்த்தும் வீண்.’ மூன்றாவது கரும்புள்ளி. மேனேஜர் மேடம் போனில் சத்தம் போடவில்லை. “திங்கள்கிழமை சாவந்தைக் கூட்டிக்கொண்டு போ. மெஷினில் கோளாறு என்றால் உன் பெயரில் வராது. மெஷின் சரியாக இருந்தால், அப்புறம் பார்ப்போம்” என்றார். அப்புறம் என்ன பார்ப்போம் என்று எனக்குத் தெரியும். செல்வினிடம் சொல்லவில்லை. மெஷின் ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் பட்டறை பட்டறையாக வேலை கேட்டுப் போய்க்கொண்டிருந்தார். அந்த நடையைக் கெடுக்க மனசில்லை.

சாவந்த் எங்கள் சர்வீஸ் மெக்கானிக். ஐம்பது வயசுக்கு மேல். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். செம்பூர் ஸ்டேஷனில் சந்தித்து நடந்தோம். மெஷினில் ஏதாவது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வழி முழுக்க ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு மெஷின் கெட்டுப்போக வேண்டும் என்று ஜெபம் பண்ணியது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கார அம்மா பெயர் ரமணி. முதல் டெமோவுக்கு வந்தபோதே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்: “நுரை கெட்டியா வருமா? கரண்டியில எடுத்தா நிக்குமா?” வருகிற விருந்தாளிகளிடம் காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு உள்ரூம் கதவு சாத்தியிருந்தது. இன்றைக்கும் சாத்தியிருந்தது. சாவந்த் மெஷினையும் நுரைப்பானையும் கழற்றிப் பார்த்தார். பால் ஊற்றாமல் ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஒரு கோளாறும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. “அக்கா, நீங்க எப்படிச் செய்வீங்களோ அப்படியே ஒரு தடவை செய்ங்களேன்” என்றேன். அவர் அடுப்பில் காய்ச்சி வைத்திருந்த பாலை எடுத்தார். கை பொறுக்கிற சூடு. மேலே ஆடை. ஆடையோடு அப்படியே நுரைப்பானில் ஊற்றினார். மேலே கொஞ்சம் குமிழி வந்து, வந்த வேகத்தில் அடங்கியது.

“அக்கா, ஜில்லுன்னு இருக்கிற பால்தான் ஊத்தணும்னு சொன்னேனே.”

“பாக்கெட்லேர்ந்து அப்படியே பச்சையாவா? எப்படிம்மா குடுப்பேன்? மறுபடி நெஞ்சுல சளி கட்டினா யார் தாங்கறது?”

அவர் மேடையைத் துடைத்தார். பிறகு போய் உள்ரூம் கதவைத் திறந்தார்.

கட்டிலில் அவர் கணவர் கணபதி சார். கப்பல் கம்பெனி ஆபீசில் இருந்தவர். எட்டு மாசத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக். வலது கை வராது, பேச்சு அநேகமாகப் போய்விட்டது, எல்லாவற்றையும் விட விழுங்குவதுதான் கஷ்டம். தண்ணீர் மாதிரி எது கொடுத்தாலும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அப்படி இறங்கித்தான் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். எட்டு மாசமாகக் கஞ்சி, கூழ், மசித்த சாதம். ஒரு நாளைக்கு ஆறு கப் காபி குடித்த மனுஷன். விழுங்கப் பழக்குகிற தெரபிஸ்ட் பெண்தான், நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டி நுரையாக இருந்தால் காபி வாசனைக்குக் கால் கரண்டி கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அதற்காக வாங்கிய மெஷின்.

“முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன்.

“மெஷின் காட்ட வந்த பொண்ணுகிட்ட வீட்டுக் கஷ்டத்தை எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்” என்றார்.

இதில் என் தப்பு என்ன என்று எனக்குப் புரிந்தது. ஜில்லென்ற பால் என்று சொன்னேனே தவிர, எதற்கு நுரை என்று கேட்கவே இல்லை. சாவந்துக்குத் தமிழ் தெரியாது; கட்டிலைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பாலை நன்றாகக் கொதிக்க வைத்தோம். வடிகட்டி ஆடையை எடுத்தோம். பாத்திரத்தை ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் இறக்கி வைத்து, அப்புறம் ஃப்ரிட்ஜிலும் வைத்தோம். எல்லாமாக ஒரு மணி நேரத்துக்கு மேல். பிறகு நுரைத்தேன். கப்பில் இரண்டு நிமிஷம் அசைக்காமல் விட்டேன். பால் அடியில் இறங்கி, மேலே இட்லி மாவு மாதிரி நுரை நின்றது. அதை மட்டும் வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்து, காபியை ஒரு காப்ஸ்யூலிலிருந்து இறக்கி, நாலே நாலு சொட்டு விட்டு மெல்லக் கலந்தோம். கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார் ரமணி அக்கா. விழவில்லை.

தலையணை வைத்து அவரை நிமிர்த்தினார். தெரபிஸ்ட் சொல்லியிருந்தபடி மோவாயைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கால் கரண்டி கொடுத்தார். சார் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே ஏறியது, இறங்கியது. இருமல் வரவில்லை. ரமணி அக்கா கொஞ்சம் பொறுத்து இரண்டாவது கரண்டி கொடுத்தார். மறுபடி அதே காத்திருப்பு. மூன்றாவது கரண்டியை வாங்காமல் உதட்டை அசைத்தார். வேண்டாம் என்கிறாரோ என்று நினைத்து ரமணி அக்கா கரண்டியைத் தாழ்த்திவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். எட்டு மாசம் வராத குரல், கரகரவென்று, உள்ரூம் வாசலில் நின்ற சாவந்துக்கே கேட்டது:

“சக்கரை… பத்தலை.”

ரிப்போர்ட்

போட்ட நட்சத்திரத்தை மாற்ற முடியாது. ரமணி அக்கா போனில் எவ்வளவோ பேசிப் பார்த்தும் சிஸ்டம் இடம் கொடுக்கவில்லை. சாவந்த் தன் சர்வீஸ் ஷீட்டில், ‘மெஷின் சரி, டெமோ சரி, வீட்டின் தேவை வேறு’ என்று மராத்தியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினைந்து வருஷ சர்வீசில் அவர் ‘சரி’ என்பதற்கு மேல் எழுதியது அதுதான் முதல் தடவை என்று ஆபீசில் சொன்னார்கள். மேனேஜர் மேடம் என்னை வரச் சொல்லி, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். முந்தின இரவு விஷயத்தைச் செல்வினிடம் சொல்லிவிட்டேன். “போனா போகுது, உனக்கு முந்தி எனக்கு வேலை கிடைச்சிரும் பாரு” என்றார். சொன்னபடியே அடுத்த வாரம் குர்லாவில் ஒரு பட்டறையில் கிடைத்தது.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். கதவு சாத்தியிருந்தது, நான் கேட்காமல் விட்டது, பாலை ஆற வைத்தது, அவர் தொண்டை ஏறி இறங்கியது, சர்க்கரை. மேடம் இரண்டு தடவை படித்தார். என் பரீட்சைக் காலத்தை இன்னும் மூன்று மாசம் நீட்டி எழுதினார். அந்த மூன்று மாசமும் நல்லபடியாகவே முடிந்து இப்போது நான் நிரந்தரம். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளும்போது, ஹிந்தியில் ஒன்றுதான் கேட்டார்:

“ஜெசிந்தா, ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கே, இதுல நம்ம மெஷின் எங்கே?”

மொத்தத்தில், ஒரு கப்புச்சினோவுக்கு ஒன்றரை நிமிஷம் போதும் என்று கம்பெனி சொல்வது நிஜம்தான். அந்த ஒன்றரை நிமிஷத்துக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதைச் சமாளிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.